ஒன்பது வாய்ப்பு

பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 35 வயது வரை, ஒன்பது முறை குடிமைப் பணித் தேர்வு எழுதலாம் என்பது மத்தியத் தேர்வாணையத்தின் விதி. எங்கள் வீட்டு விதி வேறு. "இந்த வருஷம் எழுது. வரலன்னா அடுத்த வருஷமும் எழுது. அதுக்கப்புறம் நாங்க சொல்றதக் கேக்கணும்" என்றார் அப்பா. அதுவே பெரிய மனசு என்றார் பெரியம்மா.

அண்ணன் இதே தேர்வை நான்கு முறை எழுதினான். சென்னை அண்ணா நகரில் அறை, பயிற்சி மையம், மெஸ் சாப்பாடு. முதல்நிலைத் தேர்வையே தாண்டாமல் கடைசியில் வங்கி வேலைக்குப் போனான். 'எத்தனை தடவைதான் எழுதுவ' என்று அவனை யாரும் கேட்டதில்லை. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுவைத்த லட்சுமிகாந்த் புத்தகத்தில்தான் நான் அரசமைப்பைப் படித்தேன். அவன் ஊருக்கு வந்தால், "அண்ணன் படிக்கிறான், டிவிய அணை" என்பார் அம்மா. அதே கூடத்தில் நான் அதே புத்தகத்தை விரித்தால், "சும்மாத்தான உக்காந்திருக்க, இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு." எனக்கென்று இருந்தது விடியற்காலை நாலு மணியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் ஆறு மணி வரைதான்.

பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 100 ரூபாய் மிச்சம். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என்னைத் தடுப்பது அந்த 100 ரூபாய்தான் என்று தில்லியில் யாரோ நினைத்திருக்கிறார்கள்!

இரண்டு முறையும் தோற்றேன். இரண்டாவது தோல்வியை இன்னமும் அசைபோடுகிறேன். முதல் தாளில் 100 கேள்விகள். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். தெரியாததைத் தொடாமல் விடத் தெரிய வேண்டும். 'இதோடு முடிந்தது' என்ற பதற்றத்தில் எதையும் விட மனம் வரவில்லை. வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போனேன். ஒரு கேள்வியைத் துணிந்து விடுவதற்கும் அடுத்த வருஷம் என்று ஒன்று வேண்டும். அண்ணனுக்கு அது இருந்தது.

பிறகு ஜாதகம் வெளியே போனது. அடுத்த அறிவிக்கை வந்தபோது, ஓர் இரவு போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். கட்டணம் இல்லாததால் யாரிடமும் கையேந்தவில்லை. அந்த 100 ரூபாயைப் பார்த்துச் சிரித்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஹால் டிக்கெட்டை அம்மாவிடம் மட்டும் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அப்பாவிடம், "தங்கச்சியப் பாத்து நாளாச்சு, பெங்களூரு போயிட்டு வரோம்" என்றார்.

பெங்களூரில்தான் மையம். காலை ஒன்பதரைக்கு ஒரு தாள், மதியம் இரண்டரைக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். இந்த முறை 27 கேள்விகளை விட்டுவிட்டு வந்தேன்.

கிருஷ்ணகிரி திரும்பும் பேருந்து ஓசூரில் நின்றது. முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி யார் என்று எல்லா வினா வங்கியிலும் ஒரு கேள்வி இருக்கும். அன்னா ராஜம் மல்ஹோத்ரா, 1951. விடை தெரிந்தால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அவரைச் சார் ஆட்சியராக அனுப்ப அன்றைய முதலமைச்சர் ராஜாஜி தயங்கியதையும், தலைமைச் செயலகத்தில் வேலை தருகிறேன் என்றதையும், இவர் வாதாடி ஓசூருக்கு வந்ததையும் அம்மாவிடம் சொன்னேன். திருமணம் செய்தால் பணி முடிந்துவிடும் என்று நியமன ஆணையிலேயே எழுதியிருந்ததையும் சொன்னேன்.

"கவருமெண்டே அப்படி எழுதிக் குடுத்துச்சா?"

"ஆமாம்மா. அப்புறம் அந்த விதியை எடுத்துட்டாங்க."

அம்மா டிபன் டப்பாவைத் திறந்து மீந்திருந்த புளிசாதத்தை என் கையில் வைத்தார். பேருந்து சூளகிரி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த வருஷமும் உனக்குக் காசு கட்ட வேணாமில்ல?" என்றார்.