முதலாளி நல்லவர்தான், ஆனால்...

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். வேலையிடத்தில் அநியாயம் நடந்ததென்று எம்மிடம் வரும் சகோதரிகள் பலர், முறைப்பாடு என்றதும் பின்வாங்குவார்கள். காரணம் பயம் மட்டுமல்ல, நன்றியும்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அதிகாரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இந்த நன்றிக்கடனைப் பற்றி ஒரு வரியும் எழுதியதாக ஞாபகமில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தையல் நிலையத்தில் ஏழு வருடம் தைத்த அக்கா ஒருவரை, "நாளைக்கு வரவேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்லி நிற்பாட்டிவிட்டார்கள். விசாரித்ததில், கடைசி நான்கு வருடமும் ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று தெரிந்தது.

"முகாமில இருந்து வந்து நிண்ட நேரம் அந்த மனுசன்தானே மிஸ் வேலை தந்தவர். அவருக்கு எதிரா எப்பிடி எழுதிக் குடுக்கிறது?"

நல்ல காலம், சம்பளச் சிட்டைகளை ஒரு பிஸ்கற் ரின்னில் சேர்த்து வைத்திருந்தார். இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். சம்பளம் 15,000 ரூபா. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரிடம் வெட்டவேண்டியது 8 வீதம், அதாவது 1,200. அது மாதாமாதம் வெட்டப்பட்டிருந்தது. முதலாளி தன் பங்காகப் போடவேண்டியது 12 வீதம், 1,800. 48 மாதத்துக்கு 144,000 ரூபா. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப என்ர காசும் அதுக்குள்ள கிடக்கு."

மாவட்டத் தொழில் அலுவலகத்தில் சிட்டைகளின் பிரதிகளோடு எழுதிக் கொடுத்தோம். சட்டத்தரணி தேவைப்படவில்லை. விசாரணைக்கு முந்தின கிழமை, கையில் 40,000 தருவதாக உறவினர் ஒருவர் மூலம் தூது வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நேரம் அது. சேமலாப நிதியோ கணக்கில்தான் சேரும். பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் கைக்கு வரும். அக்கா இரண்டு நாள் யோசித்தார். நான் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள், "விசாரணைக்குப் போவம் மிஸ்" என்றார். தொழில் உத்தியோகத்தர் முன்னிலையில், நிலுவையைத் தவணையாகக் கட்ட முதலாளி ஒப்புக்கொண்டார்.

வேலைநீக்கம் வேறு விடயம். அதற்குத் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இரண்டு மாதம் மிச்சமிருந்தும் அக்கா போகவில்லை. "அது காணும்" என்றுவிட்டார். எனக்கு அதில் மனவருத்தம்தான்.

அங்கே இன்னும் தைக்கும் இரண்டு பெண்கள் எம்மிடம் வரவில்லை. சிட்டைகளை எறியாமல் வைத்திருக்கும்படி அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.