மீனுக்கு இட்டது என்ன?

ஆய்வுக்கூடத்து மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் மரபணுக்களைப் பற்றி எழுதுவார்கள். உள்ளுறுப்புகள் வெளியே தெரியுமளவு தெளிந்த அதன் கருவைப் பற்றி வியந்து எழுதுவார்கள். அது என்ன தின்றது என்பதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைப் பற்றியே நாங்கள் இங்கு எழுத விரும்புகிறோம்.

வரிக்குதிரை மீன் நம் துணைக்கண்டத்துப் பிறவி. கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பிரான்சிஸ் ஹாமில்ட்டன் அதனை விவரித்தார். ஓடைகளிலும் நெல்வயலோர வாய்க்கால்களிலும் பூச்சிகளையும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களையும் தின்று வாழும் மீன் அது. அலங்கார மீனாகக் கடல் கடந்த அதனை அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1981-இல் நேச்சர் இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தபின் மெல்ல மெல்ல உலகின் ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அது குடியேறியது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு இம்மீனிடம் இணை உண்டு என்பது 2013-இல் தெரியவந்தது. புற்றுநோய், உடற்பருமன் என்று நம் நோய்களுக்கெல்லாம் இன்று அதனிடம் விடை கேட்கிறோம்.

எங்கள் தோழி ஒருவர் சில ஆண்டுகள் இம்மீன்களோடு காலம் கழித்தவர். ஒரு வேதிப்பொருள் மீனின் ஈரலில் கொழுப்பு சேர்வதைக் குறைக்கிறது என்று ஈராண்டு உழைப்பில் கண்டார். வேறொரு நகரத்தில் அதே முறையில் செய்து பார்த்தவர்களுக்கு அது தென்படவில்லை. நீரின் வெப்பம், விளக்கு எரியும் நேரம், மீனின் வயது எல்லாம் ஒத்திருந்தன. அவர் கண்டறிந்தவரை ஒத்திராதது தீவனம் ஒன்றுதான். அதுதான் காரணம் என்று நிறுவ அவருக்குக் காலமும் பணமும் இல்லை. அது காரணமில்லை என்று தள்ளவும் வழியில்லை. அந்த ஆய்வு அப்படியே நின்றுபோயிற்று.

எலிகளுக்கு இந்தச் சிக்கல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே பெருமளவு தீர்ந்தது. அமெரிக்க ஊட்டவியல் கழகத்தின் குழு 1976-இல் ஒரு பொது உணவை வகுத்தது. 1993-இல் அது திருத்தப்பட்டது. பால்புரதம் எவ்வளவு, மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று யாரும் பார்த்துக் கலந்துகொள்ளலாம். மீனுக்கு அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் உணவு இன்னும் அமையவில்லை.

காரணம் மீனின் வாயிலேயே தொடங்குகிறது. பிறந்த ஐந்தாம் நாளளவில் இரை தேடும் குஞ்சு நான்கு மில்லிமீட்டர் நீளம்கூட இருப்பது அரிது. அதன் வாய்க்குள் நுழையும்படி நீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கொடுக்கிறார்கள். சற்று வளர்ந்ததும் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாலின் குஞ்சுகளை. அந்த இறாலின் உலர்ந்த முட்டைகள் உப்பு ஏரிகளில் அள்ளப்பட்டு டப்பாவில் வருகின்றன. எந்த ஏரி, எந்த ஆண்டு அறுவடை என்பதைப் பொறுத்து அவற்றின் கொழுப்பு மாறும். பொரித்த குஞ்சு தன் கருவுணவைத் தானே கரைத்துக்கொண்டிருப்பதால், காலையில் பொரித்ததை மாலையில் இட்டால் அதில் சத்து குறைந்திருக்கும். கடையில் வாங்கும் துகள் தீவனம் உறுதியானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதன் கலவை விகிதத்தை விற்பவர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. மீன்மாவும் சோயாவும் தொகுதிக்குத் தொகுதி வேறுபடலாம்.

எல்லோரும் ஒரே தீவனத்துக்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரே மாதிரியான உணவு நல்ல உணவாகவும் இருந்தாக வேண்டும்; குஞ்சுகள் பிழைக்க வேண்டும், முட்டையிட வேண்டும். தீவனத்தை மாற்றினால் பல்லாண்டுப் பழைய முடிவுகளோடு புதியவற்றை ஒப்பிடுவதும் கடினமாகும். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் ஒன்றைச் செய்யலாம். இட்டது என்ன, எவ்வளவு, எத்தனை வேளை, எந்தத் தொகுதி என்று முழுமையாக எழுதி வைக்கலாம். நம் நோய்க்கு விடை தேடி எத்தனையோ மீன்கள் உயிர் விடுகின்றன. அவை கடைசியாகத் தின்றது இன்னதென்று எழுதி வைப்பது, அந்த உயிர்கள் வீணாகாமல் இருக்க நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம் என்றே நாங்கள் கருதுகிறோம்.