எடை என்ன?

இதயம் நின்ற நிலையில் கொண்டுவரப்படும் பெரியவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்தளவு முன்பே முடிவாகியிருக்கிறது. அட்ரினலின் 1 மில்லிகிராம், அதாவது ஓர் ஆம்பூல். குழந்தைக்கு அவ்வாறில்லை. அங்கே 'எடை என்ன?' என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த தாய்க்கு அது பொருந்தாத விசாரணையாகவே ஒலிக்கும். "ரெண்டு நாளா பால்கூடக் குடிக்கல" என்பதுதான் அவளிடம் உள்ள விடை. அதுவும் வீண்பேச்சன்று. பால் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, நினைவு மங்குதல் ஆகியவற்றையே உலக சுகாதார நிறுவனம் அபாய அறிகுறிகளாக வகுத்திருக்கிறது. பேசத் தெரியாத நோயாளிக்காகப் பேசுகிறவளின் சொல்லைக் கேட்கப் பழகியிருப்பதும் ஆயத்தத்தில் ஒரு பகுதிதான்.

ஆயினும் எடை வேண்டும். குழந்தையை எடைக்கருவியில் ஏற்ற நேரமில்லாதபோது உடல் நீளத்தைக் கொண்டு எடையை மதிப்பிடும் புரோஸ்லோ நாடா உதவும். அமெரிக்கக் குழந்தைகளை அளவாகக் கொண்டு உருவான நாடா அது. சென்னைக் குழந்தைகளிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 10 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் எடையை அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டியது. மெலிந்த பிள்ளைகள் மிகுந்த நாட்டில் இதை அறியாமல் நாடாவை மட்டும் வாங்கி மாட்டுவது அரைகுறை ஆயத்தமே.

எடை தெரிந்த பின்னரே கணக்கு தொடங்குகிறது. இதயம் நின்ற குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அட்ரினலின். 10 கிலோ குழந்தைக்கு 0.1. இங்கே கிடைக்கும் 1 மில்லி ஆம்பூலில் இருப்பதோ முழு 1 மில்லிகிராம். அதனுடன் 9 மில்லி உப்புநீர் கலந்து, அதிலிருந்து 1 மில்லி மட்டும் செலுத்த வேண்டும். கலக்க மறந்தால் பத்து மடங்கு. தாய் அழுதுகொண்டிருக்க, ஒருவர் மார்பை அழுத்திக்கொண்டிருக்க, தசமப் புள்ளியை மனத்தில் நகர்த்தச் சொல்வது எந்தச் செவிலியருக்கும் அநீதி. குழந்தைகள் அரிதாக வரும் சிறு மருத்துவமனையில் இது இன்னும் கடினம், கை பழகியிருக்காது.

ஆகவே அந்தக் கணக்கை அமைதியான ஒரு பிற்பகலில் போட்டு, 3 கிலோ முதல் 30 கிலோ வரை அட்டவணையாகச் சுவரில் ஒட்டிவிடலாம். முகக்கவசம், சுவாசக்குழாய் முதலியவற்றை அளவுவாரியாக அடுக்கி, அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்கலாம். செலவு சொற்பம். எடைக்கருவியும் பெரும்பாலும் அதே வளாகத்திலேயே இருக்கும். ஆனால் தடுப்பூசி அறையில் அதை வைத்துப் பூட்டிவிட்டால் இரவு 2 மணிக்குச் சாவியைத் தேடத்தான் வேண்டும்.