ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நட்சத்திரம்

கண்ணம்மா, ‘ஒளியாண்டு, லட்சம் கோடி கிலோமீட்டர் என்றெல்லாம் படிக்கிறேன், மனதில் எதுவும் ஒட்டவில்லை தாத்தா’ என்று சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒட்டாதது உன் குறை இல்லை. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஓராண்டில் ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி, அதுதான் ஓர் ஒளியாண்டு. அந்த எண்ணை எழுதலாம், பெருக்கலாம். உணர்வது யாராலும் ஆகாது. ஆனால் வருஷம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், வாழ்ந்து பார்த்திருக்கிறோம். ஆகவே வானத்தைக் கிலோமீட்டரில் அளக்காதே, வயதில் அள.

உனக்கு 17 வயது. ஆவணி, புரட்டாசியில் மேகம் விலகிய இரவில் எட்டரை மணி வாக்கில் உச்சியை அண்ணாந்து பார். மூன்று மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும், நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று தெரியும். அதுதான் திருவோணம், தூரம் சுமார் 17 ஒளியாண்டு. இன்று உன் கண்ணில் விழும் ஒளி, நீ பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது. நீ தவழ்ந்தபோதும், பள்ளிக்கூடம் போனபோதும், பொதுத்தேர்வு எழுதியபோதும் அது வந்துகொண்டே இருந்தது. உன் அம்மாவுக்கு 37. வைகாசியில் சப்தரிஷி மண்டலத்தின் வாலை அதே வளைவில் நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி நிற்கும், அது அவளுடையது. என்னுடையது ரோகிணி, 65 ஒளியாண்டு. தை மாதம் கார்த்திகைக் கூட்டத்துக்குக் கிழக்கே சிவந்து தெரியும்.

இவற்றைப் பார்த்துப் பழகிய பிறகு கார்த்திகைக்கே போ. அதன் தூரம் சுமார் 440 ஒளியாண்டு. அந்த ஒளி கிளம்பியபோது மதுரையில் நாயக்கர் ஆட்சி. திருமலை நாயக்கர் மகால் கட்டப்படவே இல்லை. நம் வீட்டில் ஐந்து தலைமுறைக்கு மேல் பெயர் சொல்ல ஆளில்லை. அண்ணாந்து பார்க்கும் ஒரே பார்வையில் அந்த ஐந்தையும் தாண்டிப் போய்விடுகிறாய்.

அடுத்தது ஆண்ட்ரோமீடா. அதற்கு நல்ல இருட்டு வேண்டும். காவலூரில் பெரிய தொலைநோக்கியை ஜவ்வாது மலைக்காட்டுக்குள் வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி இருட்டு. தை அமாவாசையை ஒட்டி, ஏழரை மணிக்கு, வடமேற்கே. போனை அணைத்துவிட்டு இருபது நிமிஷமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்கு. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து ஒரு பெரிய சதுரம் போடும். உத்திரட்டாதியின் வடக்கு மீனிலிருந்து வடகிழக்காக நகர்ந்து தேடு. நேராக முறைத்தால் மறைந்துவிடும். சற்றே பக்கத்தில் பார்வையை வை, புகைபோல ஒரு கறை எழும். மங்கலான ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அந்தக் கறையின் ஒளி கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆகிறது. மனித இனம் இன்றைய உருவத்துக்கு வருவதற்கு வெகு முன்பே புறப்பட்டது.

அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு நட்சத்திர உலகம் என்று தெரிந்தே நூறு வருஷம்தான் ஆகிறது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியெட்டா லெவிட் என்று ஒரு பெண்மணி வேலை பார்த்தார். காது சரியாகக் கேட்காது. தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகடுகளை வைத்துக்கொண்டு, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பொட்டுப் பொட்டாக ஒப்பிடுவதுதான் அவர் வேலை. 1912இல், 25 நட்சத்திரங்களை வைத்து ஒரு விதியைச் சொன்னார்: கூடிக் குறைய எடுத்துக்கொள்ளும் நாள் நீள நீள, உண்மையான பிரகாசமும் கூடும். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். 1923இல் எட்வின் ஹபிள் அப்படியொரு நட்சத்திரத்தை ஆண்ட்ரோமீடாவில் கண்டுபிடித்து, இந்த விதியால்தான் அதன் தூரத்தை அளந்தார். லெவிட் அதைப் பார்க்கவில்லை, 1921லேயே காலமாகிவிட்டார்.

‘இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் நாம் வெறும் தூசு’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. தூசு எந்த வானத்தையும் அளந்ததில்லை, கண்ணம்மா. லெவிட் பொறுமையாகப் புள்ளிகளை ஒப்பிட்டார், நாம் அறிந்த பிரபஞ்சத்தின் எல்லை பால்வீதியைத் தாண்டித் தள்ளிப்போனது. தேர்வு மதிப்பெண்ணை நினைத்து நீ ஒடுங்கிப்போகும் நாட்களில் அந்தப் பெண்மணியை நினைத்துக்கொள்.

தம்பிக்கு இப்போது எட்டரை வயது. அவனுக்கு உரியது சிரியஸ், 8.6 ஒளியாண்டு, இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். மாசியில் தெற்குப் பக்கம் பார்த்தால் தானாகவே கண்ணில் படும். அவனுக்கு அதை நீதான் காட்ட வேண்டும். அடுத்த வருஷம் வரை தள்ளிப்போட்டால் அவன் வயது அதைத் தாண்டிவிடும்.