கடலில்லாத ஊரில் ஒரு கடல் நத்தைப் பித்து

2019 நவம்பர் வரை எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்தபோது மரக்காணம் அவர்கள் பங்குக்குப் போனது, கல்வராயன் மலை எங்கள் பங்குக்கு வந்தது. மலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓடில்லாத கடல் நத்தைகள் மேல் பித்துப் பிடித்த ஓர் ஆசாமி இந்த ஊரில் இருக்கிறான் என்று பாகம் பிரித்தவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கடல் இருந்திருந்தாலும் நான் இறங்கியிருக்கப் போவதில்லை. கிணற்றிலேயே இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் கண்டால் எனக்கு ஆகாது. எனக்காக மூழ்குவது புதுச்சேரியில் இருக்கும் மைத்துனர் மகன். தீபாவளிக்கு வந்தால் பலகாரத் தட்டை நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறப்பான். திரை முழுக்க ஒரு ராட்சத உருவம் தெரியும். நேரில் அது கட்டைவிரல் நகத்தளவு என்பான். தலையில் இரண்டு கொம்புகள். தண்ணீரில் கரைந்துவரும் வாசனையை அவைதான் பிடிக்கின்றன. முதுகின் பின்பக்கத்தில் மல்லிகைப் பூ விரிந்தமாதிரி ஒரு கொத்து. அதுதான் செவுள். மூச்சுவிடும் உறுப்பை முதுகில் திறந்துவைத்துக்கொண்டு உலாவுகிற துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

“மாமா, கீழே மூச்சை இழுத்தா உடம்பு மேல போகும், விட்டா இறங்கும். அடக்கவும் கூடாது, நுரையீரல் கிழிஞ்சிடும். அதுக்குள்ள படம் எடுக்கணும்” என்பான். கொஞ்சம் ஆழம் போனதுமே சிவப்பு நிறம் மங்கிவிடுமாம். டார்ச் அடித்தால்தான் நத்தை தன் உண்மையான நிறத்தைக் காட்டும்.

அந்த நிறம் அழகுக்கு வந்ததில்லை; பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகை. ஓட்டைத் துறந்தவன் எதையாவது வைத்துப் பிழைக்கவேண்டுமே! சில வகைகள் கடற்பஞ்சைத் தின்று அதன் விஷத்தைத் தம் உடம்பில் சேமிக்கின்றன. வேறு சில இன்னும் கெட்டிக்காரத்தனமானவை: கொட்டும் உயிரிகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் கடத்திக்கொண்டுபோய்த் தம் முதுகுத் தூவிகளின் நுனியில் பொருத்திக்கொள்கின்றன. திருட்டு ஆயுதம்தான், ஆனால் வேலை செய்கிறது.

நம் ஊர்ப் பக்கத்து நத்தைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெள்ளிமலையில் ஓர் ஐப்பசி மழையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருந்தேன். ஈரச் சுவரில் ஓடில்லாத நத்தை ஒன்று பளபளவென்று கோடு போட்டபடி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வந்த பாட்டி, “ரெண்டு கல்லுப்பு போட்டா போயிடும் சாமி” என்றார். போட்டார். போய்விட்டது. உப்பு அதன் உடம்பிலிருந்த நீரை உறிஞ்சிவிடும். அதன் கடல் உறவினரோ ஆயுசு முழுக்க உப்புக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. உடம்பின் உள்நீரும் கடல்நீரும் ஏறக்குறைய ஒரே உப்புக் கணக்கில் இருப்பதுதான் ரகசியம்.

இந்தப் பித்தில் எனக்கு ஒரு முன்னோடி உண்டு: எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட். 1819-இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், ராணுவ மருத்துவர். முத்துச் சிப்பியை ஆராயச் சொல்லி இலங்கை அரசு அவரை நியமித்தது. மனிதர் திருகோணமலைக் கடலோரத்தில் சிப்பியோடு சேர்த்துக் கடல் நத்தைகளையும் பார்த்தார், பார்த்ததை நிறத்தோடு வரைந்து வைத்தார். வரைந்ததுதான் புண்ணியம். கடல் நத்தையை ஸ்பிரிட்டில் போட்டால் சில நாளில் நிறம் போய், சுருங்கி, வெறும் சாம்பல் நிறச் சதைத்துண்டாகிவிடும். சிப்பிக்காவது ஓடு மிஞ்சும். இதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கெலார்ட் 1860-இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே காலமானார். ஓவியங்கள் பிழைத்துக்கொண்டன. நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1906-இல், சர் சார்லஸ் எலியட் என்பவர் அவற்றை வைத்துக்கொண்டு தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கெலார்ட்டின் ஓவியங்களைக் கட்டுரைத் தலைப்பிலேயே குறிப்பிட்டார். இந்த எலியட் லேசுப்பட்டவர் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆணையர், பிறகு ஜப்பானில் பிரிட்டிஷ் தூதர். இந்து மதத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921-இல் மூன்று பெரிய தொகுதிகள் எழுதியவரும் இவரே. வேதாந்தத்துக்கும் நத்தைக்கும் ஒரே மேசையில் இடம் கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவரும் 1931-இல் ஜப்பானிலிருந்து ஊர் திரும்பும்போது கப்பலில்தான் காலமானார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

மலைக்காரனான எனக்கும் இதில் பாத்தியதை உண்டு. கல்வராயனில் பிறக்கும் கோமுகியின் தண்ணீர் கடைசியில் வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எங்கள் மழையில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கும் போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூழ்கத் தெரியாதே என்று யாரும் ஒதுங்கவேண்டாம். 2024-இல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் பெயரைச் சூட்டினார்களே, ஏழு மில்லிமீட்டர் நீளக் கடல் நத்தை, அது அகப்பட்டது வங்காள, ஒடிசாக் கரைகளின் ஈர மணலில். அடுத்தமுறை மரக்காணத்துக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போனால், அலை வடிந்த மணலையும் பாறை இடுக்கையும் குனிந்து பாருங்கள். நிறமாக ஏதாவது ஊர்ந்தால் கையில் எடுக்காதீர்கள், பாட்டிலில் அடைக்காதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதிவைத்தால் போதும்.