துள்ளாத ரப்பர்

தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்க்கும் ஷெட் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடிவிட்டு வரும் வண்டிகள் வெளிவட்டச் சாலை வழியாக இங்கே வந்து இறங்கும். சுவரோரம் அடுக்கியிருந்த, வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர்களில் ஒன்றை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பக்கத்திலிருந்த சாதாரண கார் டயரில் நகம் இறங்கவே இல்லை. இந்த ஸ்லிக்கை மாட்டிக்கொண்டு மலைப் பந்தயத்தில் ஏறலாமா என்று கேட்டேன். ஷெட்டை நடத்தும் தம்பி யோசிக்கவே இல்லை. "ஏறாதுண்ணே. அது சூடாகறதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிடும்."

அந்தப் பதில்தான் என்னைத் தேட வைத்தது. நகத்துக்கு இவ்வளவு மென்மையான ரப்பர் மலைக்கு உதவாது என்றால், பிடிப்பு என்பது வெறும் மென்மை இல்லை. பின்னே அது என்ன? அதை முதலில் கண்டு சொன்னது யார்?

மலைப் பந்தயத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மேட்டில் 1905 முதல் பந்தயம் நடக்கிறது. தூரம் 1,000 கஜம்தான். 1930இல் ஹான்ஸ் ஸ்டக் அங்கே 42.8 வினாடியில் ஏறினார்; இன்று 23 வினாடிக்குள் ஏறிவிடுகிறார்கள். நமக்கு நெருக்கமான மேடு இலங்கையில் நுவரெலியா பக்கத்து மஹகஸ்தோட்டை. 1934இல் தொடங்கிய பந்தயம் அது. அந்த மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய உழைப்பு பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களுடையது. மஹகஸ்தோட்டையின் கதை என்றாவது தமிழில் விரிவாக எழுதப்படவேண்டும் என்பது என் ஆசை.

1930களின் மலைப் பந்தயப் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பல கார்களில் பின்பக்கம் லாரிக்குப் போல இரட்டைச் சக்கரம். வழுக்கினால் தரையில் படும் ரப்பரை அதிகப்படுத்து என்பதுதான் அன்றைய தீர்வு. அந்த ரப்பரின் குணத்தையே மாற்றிப் பார்க்கும் யோசனை பின்னால்தான் வலுப்பட்டது.

அந்தக் குணத்தைத் தேடினால் முதலில் வந்து நிற்பது மரம். ஹென்றி விக்கம் 1876இல் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள், அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹா அருகே ஹெனரத்கொடை தோட்டத்தில் வேர்விட்டன. பிறகு கேரளம், கன்னியாகுமரி என்று ரப்பர் பரவியது. சென்னையின் வடகோடியில் திருவொற்றியூரில், 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952இல் பழைய டயர்மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறி, 1961இல் டயர் தயாரிப்பில் இறங்கியது. அந்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய அணியில் ஓட்டி எஃப்ரேன் யாரேனா 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். திருவொற்றியூர்க் கொட்டகையை நினைத்தால் இது எனக்கு இன்றும் பெருமிதம் தருகிற செய்தி.

ஆனால் என் கேள்விக்கு விடை மரத்தில் இல்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறங்கும் விமானத்தின் டயரிலும், ஜி.எஸ்.டி. சாலையில் சுமையோடு போகும் லாரியின் டயரிலும் இயற்கை ரப்பர் நிறைய இருக்கும். அது நசுங்கி மீளும்போது வாங்கிய சக்தியைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் அதிகம் சூடாகாது. லாரிக்கு அது வரம். பந்தய டயரின் மேல்தோலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் தொழில்நுட்பம் படித்த நண்பர் ஒருவர். 1949இல் தொடங்கிய அந்தக் கல்லூரியை ரயிலில் தினமும் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ரப்பருக்கென்று ஒரு துறை இருப்பது தெரியும்? நண்பர் மேசைமேல் இரண்டு கறுப்பு உருண்டைகளை வைத்தார். ஒரே அளவு, தொட்டால் ஒரே மாதிரி. இயற்கை ரப்பர் உருண்டையைத் தரையில் போட்டார், எகிறிக் கைக்கே வந்தது. மற்றது டியூப் செய்ய உதவும் பியூட்டைல் ரப்பர். 'தொப்'பென்று விழுந்து அங்கேயே கிடந்தது. "இதுதான் பிடிக்கும்" என்றார்.

சாலையில் துருத்தும் ஒரு சிறு கல்முனைமேல் டயர் சறுக்குவதாக வைத்துக்கொள்வோம். ரப்பர் முனையின் முன்பக்கம் மோதி நசுங்குகிறது, அது எதிர்ப்பு. பின்பக்கம் சட்டென்று விரிந்தால் அந்த விசை முன்னால் தள்ளிவிடும், எதிர்ப்பு கழிந்துபோகும். சோம்பலாக விரிகிற ரப்பரில் பின்னாலிருந்து தள்ளல் வராது. எதிர்ப்பு மட்டும் மிஞ்சும். அந்த மிச்சம் பிடிப்பில் பெரும்பங்கு. கேம்பிரிட்ஜில் கிரீன்வுட்டும் டேவிட் டேபரும் வழுக்கல் பூசிய ரப்பர்மேல் கெட்டியான குண்டுகளை இழுத்துப் பார்த்து, ரப்பருக்குள் தொலையும் சக்திதான் உராய்வாகிறது என்று 1958இல் எழுதினார்கள். நான் தேடிய ஊற்றுக்கண் அந்தக் கட்டுரைதான். மழையில் வழுக்காத டயருக்கு வழி காட்டிய அந்த ஆராய்ச்சி பந்தய டயருக்கும் பொருந்தியது.

தம்பியின் பதிலுக்கான விளக்கம் 1963இல் வந்தது. ரப்பரின் உராய்வு வெப்பத்தையும் வேகத்தையும் சார்ந்தே மாறுகிறது என்று கே.ஏ. குராஷ் அளந்து காட்டினார். நண்பர் பியூட்டைல் உருண்டையைக் கொதிநீரில் போட்டெடுத்துத் திரும்பப் போட்டபோது அது துள்ளியது! காம்பவுண்டு எனப்படும் ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் அது சோம்பும் வெப்பம் ஒன்று உண்டு. டிராக்கில் சுற்றிச் சுற்றி 80, 90 டிகிரிக்குச் சூடேறும் ஸ்லிக், குளிர்ந்த மேட்டில் ஒரு நிமிடத்தில் அங்கே எட்டாது. மலைக்கான காம்பவுண்டு குளிரிலேயே வேலை செய்யவேண்டும். சீக்கிரம் தேயும், தேயட்டும். ஓடப்போவது ஒரு நிமிடம்தானே.

டயரைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைப் பந்தயத்துக்குத் தயார்செய்யவேண்டும். டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் தேதிக் குறியைப் பார்க்கவேண்டும். 2323 என்றால் 2023இன் 23ஆம் வாரம். நாளாக ஆக ரப்பர் இறுகும், தகரக் கூரை ஷெட்டின் வெயிலில் இன்னும் வேகமாக. கறுப்புப் பையில் சுற்றி நிழலில் வைப்பது அதனால்தான். புது டயரை மெதுவாக ஓட்டி மேல்பளபளப்பை நீக்கி, ஒருநாள் ஆறவிட்டுப் பிறகே பந்தயத்துக்கு எடுக்கிறார்கள்.

காற்றில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. தாம்பரத்தின் 36 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ அடைத்து நுவரெலியாவின் 16 டிகிரிக் காலைக் குளிருக்குக் கொண்டுபோனால், குளிரால் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறையும். ஆனால் 1,870 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவே குறைவு. கேஜ் மறுபடி 30 காட்டும். இருந்தாலும் கேஜ் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியாது. தம்பி செய்வது இதுதான்: டயரின் ஓரத்தில், ட்ரெட்டும் சைடுவாலும் சேரும் இடத்தில், சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போடுவார். ஒருமுறை வேகமாக ஓட்டிவந்து பார்ப்பார். கோடு சைடுவால் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று கூட்டவேண்டும். ட்ரெட்டின் ஓரமே தொடப்படாமல் இருந்தால் குறைக்கவேண்டும். சரியாக அந்த விளிம்பில் அழிந்திருந்தால் அதுதான் அன்றைய பிரஷர். மறுநாள் காலை மறுபடி சாக்பீஸ்.