ஒதுங்கிய கட்டை

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்து மாலையொன்றில், வடமராட்சி கிழக்குக் கரையில் நாம் ஒரு கட்டையைக் கண்டெடுத்தோம். முழ நீளம், மான்கொம்பு போல இரு கிளைகள், அலையும் மணலும் பட்டையை உரித்து வழவழப்பாக்கிய மேனி. எமது வீட்டு மீன்தொட்டிக்கென்றே கடல் கடைந்து அனுப்பியதென மகிழ்ந்து நின்றவேளை, தலையில் விறகுச்சுமையுடன் வந்த மாது ஒருவர், "மாஸ்ரர் வீட்டிலும் காஸ் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றோம். எரிவாயு தீர்ந்திருந்தது மெய்தான். ஆயினும் கட்டை அடுப்புக்கன்று, மீனுக்கு என்று சொல்ல நாக்கூசியது. மண்ணெண்ணெய் இன்மையால் அவர் கணவரின் படகு கரையிலே கிடந்த காலம் அது.

கடலில் ஊறிய கட்டைக்குப் பக்குவம் அதிகம் வேண்டும். வர்ணமோ தாரோ பூசிய படகுப் பலகையெனில் தொடவே கூடாது. நஞ்சு நீரில் இறங்கும். பிசின் கசியும் மரமும் உதவாது. எமது கட்டையில் கப்பற்புழு குடைந்த துளைகள் பல. (புழு என்கிறோமே தவிர, அது சிப்பியினத்தைச் சேர்ந்தது.) துளைகளிலிருந்த மணலை ஈர்க்கினால் கிண்டி, பொச்சுமட்டையால் தேய்த்தோம். சவர்க்காரம் பூசவில்லை, மரம் அதை உறிஞ்சிப் பின்னர் மீனுக்கே ஊட்டும். வாளியில் அமிழ்த்திக் கல்லேற்றி, நாள்தோறும் கிணற்றுநீரை மாற்றினோம்.

உப்பு நீங்கவும், பூஞ்சணமும் பூச்சிமுட்டையும் அழியவும், உள்ளிருக்கும் காற்று வெளியேறிக் கட்டை தாழவும் அதனை அவித்தல் வேண்டும். மூன்று மாலைகள், மாலைக்கு இரண்டு மணித்தியாலம். கிடாரத்து நீர் தேநீர் நிறமாயிற்று. மரத்தின் தனின் அது, மீனுக்குக் கேடில்லை. இத்தீவின் தென்மேற்கு நிழலோடைகளில் வாழும் செரி பாப் மீனுக்கு அந்நிறம் பிறந்தகமே. தனின் நீரைச் சற்று அமிலமாக்கும் என்பர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீரிடம் அந்த வித்தை எளிதில் பலிப்பதில்லை.

விறகோ சுமைசுமையாய்த் தீர்ந்தது. விலைக்கு வாங்கிய மூன்றாவது சுமையைக் கொண்டுவந்தவர் அதே மாது. கிடாரத்தை எட்டிப் பார்த்தார்.

"மாஸ்ரர், கட்டையையோ அவிக்கிறியள்?"

ஒளிக்க வழியில்லை, உண்மையைச் சொன்னோம். ஒருவேளை உலைக்கும் போதாத கட்டையொன்றைச் சமைக்க மூன்று சுமை விறகு என்ற கணக்கு இருவர் மனத்திலும் ஓடியிருக்கும். கோபிப்பார் என எதிர்பார்த்தோம். அதுவும் எம் போன்றோரின் கற்பனைதான்: ஏழைகள் எம்மைக் கண்டிக்கவே காத்திருப்பதாய் எண்ணிக்கொள்கிறோம். அவரோ கட்டையை வெளியே எடுக்கச் சொல்லி, ஆறியதும் நுனியை நாவில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கரிக்குது. துளையளுக்குள்ள உப்பு நிக்குது. இன்னுமொரு கிழமை ஊறப்போடுங்கோ."

விறகுக் காசில் ஒரு ரூபாயும் அவர் குறைக்கவில்லை. கேட்க எமக்கும் வாய் வரவில்லை.

ஒரு கிழமையன்று, இரண்டு கிழமை ஊறியது. அவர் மீண்டும் சுவைத்துத் தலையசைத்த பின்பே தொட்டியில் இறக்கினோம். நான்காம் நாள் கட்டையின்மேல் வெண்சளி போல ஒரு படலம் படர்ந்தது. நுண்ணுயிர்களின் வேலை அது. பதறத் தேவையில்லை, சில வாரங்களில் தானே அகலும். மீன்கள் அதனைக் கொத்தித் தின்றன.

அடுத்த சுமையுடன் வந்த அன்று, அவர் கண்ணாடியருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது கறிக்கு ஆகாதோ, மாஸ்ரர்?"

"ஆகாது அக்கா. இரண்டு அங்குலந்தான் வளரும்" என்றோம்.

ஆடி பிறந்திருந்தது. படகு இன்னும் கரையிலேதான் கிடந்தது.